நிச்சயமா என்று அது கேட்டது

ஆகஸ்ட் 5, செவ்வாய்

எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை. கல்யாணப் பத்திரிகையின் அடியில் ஒரு வரி போடுவோமே, நேரில் வந்து அழைத்ததாகக் கருதிக்கொள்ளவும் என்று, அது மாதிரிதான் இதுவும். நேரில் சொல்ல வாய் வராததை எழுதுகிறேன். சொன்னதாகக் கருதிக்கொள்ளவும்.

என் தமிழே பத்திரிகைத் தமிழ்தான். பள்ளியில் தெலுங்கும் இங்கிலீஷும் படித்தேன். தமிழ் எழுத்து வந்தது சிகந்தராபாத் பக்கம், லோத்குண்டாவில், உலகநாதன் மாமாவின் கடையில். மாமா என்றால் உறவு இல்லை. அப்பாவின் சிநேகிதர், குடியாத்தம் பக்கம். இந்த ஊர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு கல்யாணப் பத்திரிகையும் கருமாதிப் பத்திரிகையும் அவர்தான் அடித்துக் கொடுக்கிறார். பள்ளி விட்டு வந்து நான் புரூஃப் பார்ப்பேன். 'திருநிறைச்செல்வி'யில் எந்த இடத்தில் ஒற்று வரும் என்று எனக்குத் தெரியும். வேறு என்ன தெரியும் என்பதுதான் கேள்வி.

இன்று காலை அவர் போன் செய்தார். "இன்னாம்மா பானு இது, கம்ப்யூட்டரு கறுப்பா நிக்குது. ஒரே இங்கிலீஷ்."

போய்ப் பார்த்தேன். கறுப்புத் திரையில் இரண்டே வரி. டிஸ்கில் அப்படி ஒரு பகுதியே இல்லை என்கிறது முதல் வரி. அதன் கீழே 'கிரப் ரெஸ்க்யூ' என்று எழுதி, பக்கத்தில் ஒரு சின்னக் கோடு விட்டுவிட்டு மினுக்கிக்கொண்டிருக்கிறது. நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருக்கிற மாதிரி.

அந்தக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டது நான். போன மாதம். பழைய விண்டோஸ் மெதுவாக இருக்கிறது என்று மாமா அலுத்துக்கொண்டாராம். அமீர்பேட்டில் லினக்ஸ் கோர்ஸ் சேர்ந்து நான் இரண்டாவது வாரம்கூட முடிக்கவில்லை, அதற்குள் அப்பா, "எங்க பானு பாத்துக்குவா, டிகிரி முடிச்சிருக்கா இல்ல" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். பத்திரிகை அடிக்கிற பழைய தமிழ் சாஃப்ட்வேர் விண்டோஸில்தான் ஓடும் என்பதால் அதை அப்படியே விட்டு, பக்கத்தில் லினக்ஸ். காலையில் சுவிட்ச் போட்டதும் எது வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும். மாமா அதைப் பார்த்து, "ஓட்டல் மெனு மாதிரி கேக்குது பாரு" என்று எல்லோரிடமும் காட்டினார்.

இப்போது அந்தப் பட்டியலே வரவில்லை. விண்டோஸும் இல்லை, லினக்ஸும் இல்லை.

"ராத்திரி பியூஸ் போயிருந்திச்சு. காலைல வந்துதான் போட்டேன். கரண்டு போய்ப் போய் வந்ததுல அடிபட்டிருக்குமா?" என்றார் மாமா.

"இருக்கலாம் மாமா" என்றேன்.

ஆகஸ்ட் 6, புதன்

நேற்று எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். தாளிடம்கூட நான் முழுசாகச் சொல்வதில்லை போலிருக்கிறது.

திங்கட்கிழமை சாயந்திரம் நான் கடையில் இருந்தேன். டிஸ்கில் இடம் இல்லை, ஸ்கேன் செய்த போட்டோ ஏறவில்லை என்றார் மாமா. எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. லினக்ஸ் போட்ட அன்று முதல் தடவை பாதியில் சொதப்பி, விட்டுவிட்டு, இரண்டாவதாக வேறு இடத்தில் போட்டேன். முதலில் ஒதுக்கின துண்டு காலியாகக் கிடக்கிறது. அதை அழித்து அந்த இடத்தைக் கொடுத்துவிடலாம்.

விண்டோஸில் டிஸ்கைப் படமாகக் காட்டும் இடத்தைத் திறந்தேன். பெயர் இல்லாத இரண்டு கட்டங்கள், பக்கத்தில் பக்கத்தில், கிட்டத்தட்ட ஒரே அளவு. விண்டோஸுக்கு லினக்ஸை அடையாளம் தெரியாது. அதன் கண்ணுக்கு இரண்டும் பெயரில்லாத கட்டம். ஒன்று காலி. ஒன்றில் லினக்ஸ் இருக்கிறது; காலையில் கேட்கிற அந்தப் பட்டியலும் அதற்குள்தான்.

எது எது?

பின்னால் மாமா நின்றுகொண்டிருந்தார். கவுண்டரில் ஒரு அம்மா ஆதார் ஜெராக்ஸுக்குக் காத்திருந்தாள். "உனக்குத் தெரியாததா" என்றார் மாமா. அந்தக் கட்டத்தில் உள்ள எல்லாம் போய்விடும், நிச்சயமா என்று கம்ப்யூட்டர் கேட்டது.

ஒரு நிமிஷம் மாமா, வீட்ல போய் நோட்ஸ் பாத்துட்டு வரேன். இவ்வளவுதான் சொல்லியிருக்க வேண்டும். சின்ன வாக்கியம். வாய் வரவில்லை. ஆமாம் என்பதை அழுத்தினேன்.

அதற்குள் ஜெராக்ஸ் அம்மா சத்தம் போட, மாமா நாற்காலியைக் கேட்க, அழித்த இடத்தை எதோடும் சேர்க்காமல் அப்படியே விட்டு எழுந்தேன். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மறுநாள் காலையில்தான் எழவில்லை.

தப்பானதைத்தான் அழித்தேனா? தெரியாது. கரண்டாகவும் இருக்கலாம். பியூஸ் போயிருந்தது உண்மைதானே.

ஆகஸ்ட் 7, வியாழன்

கிளாஸில் முரளி சார் "டவுட்ஸ்?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். எனக்கு எப்போதும் இல்லை என்றுதான் ஆட வரும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இன்று கடையில் நடந்ததை எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

மாமா கடைக்கும் சலீம் பாயின் தையல் கடைக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான். மேலே ஒரு சாண் இடைவெளி. அந்த இடைவெளி வழியாக இரண்டு பேரும் டீ கிளாஸ் கைமாற்றுவார்கள். வீட்டுக்காரர் இரண்டு கடைக்கும் சேர்த்து ஒரே மீட்டர் வைத்திருக்கிறார். பாய் இஸ்திரிப் பெட்டியைப் போட்டால் மாமா பக்கத்து டியூப் லைட் ஒரு தடவை சிமிட்டும். எப்போதாவது பியூஸ் போகும். மாமா பாயின் உருதுவில் "கைக்கு பாய்!" என்று கத்துவார், ஏன் பாய் என்று. பாய் அந்தப் பக்கத்திலிருந்து "கல்யாண ஷேர்வானிய கசங்கலா குடுக்கவா?" என்பார். இது பல வருஷமாக நடக்கிற விளையாட்டு.

இன்று விளையாட்டு இல்லை.

"கைக்கு பாய், கைக்கு? எத்தினி தபா சொன்னேன், ராத்திரில பெட்டி நக்கோ நக்கோ, வேணாம்னு! இப்ப பாரு, மொத்தக் கடையும் உள்ள மாட்டிக்கினு கீது!"

பாய் ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்துவிட்டு எழுந்து வந்தார். இத்தனை வருஷத்தில் அவருக்கு நல்ல தமிழ் வந்துவிட்டது. "அரே உலகு, பெட்டி நேத்தா வந்துச்சு? உன் கம்ப்யூட்டருக்கு முன்னாடி வந்தது."

"அப்ப என் கம்ப்யூட்டரு தானா செத்துப்போச்சா?"

"எனக்கு என்ன தெரியும் மியான். படிச்ச பொண்ணு நிக்குது, அவளக் கேளு."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் தரையைப் பார்த்தேன். "வோல்டேஜ் மேல கீழ போனா... ஆகும்" என்றேன். அது பொய் இல்லை. ஆகும்தான். ஆனால் இங்கே ஆனது அதுதானா என்று எனக்கே சந்தேகம்.

பாய் உள்ளே போய் இஸ்திரிப் பெட்டியின் ஒயரைச் சுருட்டிக் கட்டினார். பெட்டியைப் பழைய துணியில் சுற்றி ஸ்கூட்டரில் காலடியில் வைத்தார். இனிமேல் வீட்டிலேயே தேய்த்துக்கொண்டு வருவாராம்.

பாய் எப்போதும் என்னிடம் ஒன்று சொல்வார். "பானுன்னு எங்க வூட்டுல மூணு பேரு. நீ எங்க ஆளு, இந்த உலகு உன்னைத் திருடிக்கினான்." இன்று என் பக்கம் பார்க்காமல் வண்டியை எடுத்தார்.

ஆகஸ்ட் 9, சனி

மாமா சாப்பிட வீட்டுக்குப் போன நேரத்தில் அந்தக் கறுப்புத் திரையின் முன்னால் உட்கார்ந்தேன். அதற்குச் சில சொற்கள்தான் புரியும். அதில் ஒன்று, உன்னிடம் என்னென்ன பகுதி இருக்கிறது என்று கேட்பது. இரண்டே எழுத்து. தட்டினேன்.

காலித் துண்டு இருக்கக் கூடாது, லினக்ஸ் இருக்க வேண்டும். காலித் துண்டு இருந்தது, லினக்ஸ் இல்லை.

கரண்டு போனால் பகுதி காணாமல் போகாது.

நான்தான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அப்பாவுக்கு லீவு. லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் அவர் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமை குவார்ட்டர்ஸ் வாசலில் உட்கார்ந்து வண்டி துடைப்பார். எதிர்வீட்டு ராஜீவ் அங்கிளிடம் சொல்லிக்கொண்டிருந்தது ஜன்னல் வழியாகக் கேட்டது.

"உலகு கடைல கம்ப்யூட்டரு கரண்டுல போய்டுச்சாம். எங்க பானு தினமும் போய்ப் பாக்குறா. விடமாட்டா. அவ கை வெச்சா எழுந்துக்கும்."

எழுந்திரிக்காது அப்பா. நான் கை வெச்சதாலதான் படுத்துச்சு.

இதை ஜன்னலுக்கு இந்தப் பக்கம் மனசுக்குள் சொன்னேன். அம்மா, "இன்னாடி, தோசை கருகுது" என்றாள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

இணையத்தில் லினக்ஸ்காரர்களின் குழு ஒன்று இருக்கிறது. முகம் தெரியாதவர்கள், எந்த ஊரோ. அங்கே கேட்கலாமே, அங்கே எனக்கு அப்பாவும் இல்லை, மாமாவும் இல்லை. வேறு பெயரில் எழுதினேன். திரையில் என்ன வருகிறது என்று விளக்கினேன். நன்றாகத்தான் எழுதியிருந்தேன்.

உடனே ஒருவர் கேட்டார்: நிற்பதற்கு முன்னால் கடைசியாக என்ன மாற்றினீர்கள்?

மற்றவர்கள் கேட்டதையும் மேலே போய் வாசித்துப் பார்த்தேன். எல்லோரிடமும் முதலில் இதைத்தான் கேட்கிறார்கள். எல்லோரும் ஒரே பதில்தான் சொல்கிறார்கள். ஒன்றும் மாற்றவில்லை, தானாக நின்றுவிட்டது.

நானும் எழுதினேன். ஒன்றும் மாற்றவில்லை. மின்தடை.

முகம் தெரியாத ஆளிடம்கூட. பெயரே என்னுடையது இல்லை. அப்போதுகூட. இன்னா ஜென்மம்டி நீ?

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பதில் வந்தது: அப்படியானால் டிஸ்க் போயிருக்கும், மாற்றிவிடுங்கள். மாமாவிடம் அதைச் சொன்னேன். பொய்யைக் கொடுத்து வாங்கின பதில், அதையும் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 13, புதன்

இன்று எல்லாம் கையை மீறிவிட்டது.

மாமா சிகந்தராபாத்தில் ஒரு ரிப்பேர்காரரிடம் பேசிவிட்டார். சனிக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போவாராம். "டிஸ்க் எல்லாம் நல்லாத்தான் இருக்கும், மொத்தமா தொடச்சிட்டு புதுசா விண்டோஸ் போட்டுத் தரேன்" என்றாராம் போனில்.

மொத்தமாகத் துடைத்துவிட்டு.

"உள்ள இருக்கிறது மாமா?"

"போனது போச்சு. நீதான் டிஸ்க்கு செத்துடுச்சின்னு சொல்லிட்டியே. செத்ததுல இன்னா இருக்கும்?"

டிஸ்க் சாகவில்லை. உள்ளே எல்லாம் அப்படியே இருக்கிறது. மாமா இத்தனை வருஷம் அடித்த பத்திரிகைகள், செத்தவர்கள் போட்டோ, எந்தக் குடும்பத்தில் எந்தப் பெரியவர் பெயர் முதலில் வர வேண்டும் என்று சண்டை போட்டுத் திருத்தின வரிசைகள். எல்லாம். உள்ளே போகிற வழியைத்தான் நான் அழித்தேன். சனிக்கிழமை அந்த ஆள் துடைத்தால் நிஜமாகவே எல்லாம் போகும். என் பொய் அப்போது உண்மையாகிவிடும்.

மாரெட்பள்ளி நாராயணஸ்வாமி சார் வேறு போன் செய்தார். அவர் மகள் அனுபமாவுக்கு ஆவணியில் கல்யாணம். நாலு தடவை திருத்தி, சம்பந்தி வீட்டுக்கு அனுப்பி, ஒப்புதல் வாங்கின பத்திரிகையும் உள்ளேதான் மாட்டிக்கொண்டிருக்கிறது. மாமா போனில், "பக்கத்துக் கடை இஸ்திரிக்காரனால வந்த வினை சார்" என்றார். தடுப்புக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓடியது.

ஆகஸ்ட் 14, வியாழன்

சாஹித்யாவிடம் சொல்லிவிட்டேன்.

அவள் என்னோடு கிளாஸில் படிப்பவள், கம்மம் ஊர்க்காரி. கிளாஸில் கையைத் தூக்கி, "சார், புரியலை, மறுபடி" என்று கேட்கிற ஒரே ஆள். அதைப் பார்த்து நான் அவளுக்காக வெட்கப்பட்டிருக்கிறேன். இப்போது யோசித்தால் அதுவே வெட்கமாக இருக்கிறது.

அமீர்பேட் மெட்ரோ படிக்கட்டில் பிடித்து நிறுத்தினாள். "ஏமைந்தே நீக்கு? முகத்தப் பாரு." என்ன ஆச்சு உனக்கு என்று அவள் தெலுங்கில் இரண்டு தடவை கேட்டாள். கூட்டம் இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டு போனது. நான் முதலில் மின்தடை என்றுதான் ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்தி, "இல்ல, நான் ஒரு பார்ட்டிஷன டெலீட் பண்ணிட்டேன். தப்பானதை" என்றேன்.

அவள் சிரித்தாள். நன்றாகவே சிரித்தாள். என் கண்ணைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

"அதுக்கப்புறம் அந்த இடத்துல ஏதாவது எழுதினியா? வேற எதோடயாவது சேத்தியா?"

"இல்ல. ஆள் வந்துட்டாங்க, எழுந்துட்டேன்."

"பிச்சிதானா!" பைத்தியக்காரி என்று தலையில் தட்டினாள். "அப்ப அது அங்கேயே இருக்கு. தேடி எடுத்துடலாம். ஒன்பது நாளா கரண்ட் கரண்ட்னு சொல்லிட்டிருந்தா யாரு என்ன சொல்ல முடியும்? படிக்கட்டுல விழுந்துட்டு டாக்டர்கிட்ட போய் ஜுரம்னு சொல்லுவியா?"

இவ்வளவுதானா? நான் செய்ததைச் சொன்ன உடனே, நின்ற இடத்திலேயே, வழி வந்துவிட்டது. பாதி நிம்மதி. பாதி இன்னும் அசிங்கமாக இருந்தது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றுகிற நாள். கடை லீவு. ஒரு முயற்சி செய்து பார்க்கிறேன் என்று கேட்டு மாமாவிடம் சாவி வாங்கினேன். ரோட்டில் ஒலிபெருக்கி. நானும் சாஹித்யாவும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தோம்.

பென்டிரைவில் ஒரு லினக்ஸ் கொண்டுவந்திருந்தாள். அதிலிருந்து கம்ப்யூட்டரை எழுப்பினோம். முதலில் மாமாவின் பத்திரிகைகளை எல்லாம் இன்னொரு டிஸ்கில் பிரதி எடுத்தோம். அனுபமா கல்யாணப் பத்திரிகையைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. பெரியப்பா பெயர் சித்தப்பாவுக்கு மேலே, சரியாக.

பிறகு, தொலைந்த பகுதியைத் தேடுகிற நிரல். டிஸ்க் முழுவதும் மெதுவாக ஊர்ந்து போனது. போய், ஒரு வரி காட்டியது. இங்கே ஒரு லினக்ஸ் பகுதி இருந்திருக்கிறது, திரும்ப எழுதவா? நிச்சயமா?

மறுபடி அதே கேள்வி. கீபோர்டை அவள் பக்கம் தள்ளினேன்.

"நீயே அழுத்து" என்றேன்.

"நக்கோ" என்றாள். மாமா பேசுகிற மாதிரி நான் பேசிக் காட்டி அவளுக்கும் தொற்றிவிட்டது. "உன் மாமா கம்ப்யூட்டர், உன் பார்ட்டிஷன். படிச்சுப் பாத்து அழுத்து."

ஒவ்வொரு வரியாக அவளுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாக வாசித்தேன். எங்கே ஆரம்பம், எங்கே முடிவு, எவ்வளவு அளவு. புரியாத ஒரு சொல்லை என்ன என்று கேட்டேன். கேட்டேன்! சொன்னாள். அழுத்தினேன்.

அணைத்துவிட்டுப் போட்டோம். மாமாவின் ஓட்டல் மெனு வந்தது.

ஆகஸ்ட் 16, சனி

சரியான பிறகுதான் இவ்வளவு கேவலமாக இருக்கிறது.

ரிப்பேர்காரரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார் மாமா. அப்பாவைக் கூப்பிட்டார். மைசூர்பாகு வாங்கினார். வருகிற போகிறவர்களிடம் எல்லாம், "கரண்டுல செத்துப்போனத எங்க பானு உசுரு குடுத்து எழுப்பிட்டா" என்றார். அப்பா கவுண்டரில் சாய்ந்து நின்று, வாயைத் திறக்காமல் எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

மாமா ஒரு மைசூர்பாகை எடுத்துத் தடுப்புக்கு மேலே நீட்டப் போனார். பாதியில் கையை இழுத்துக்கொண்டு தானே சாப்பிட்டார்.

பாய் பெட்டி இருந்த மேஜையில் இப்போது ஒரு துணிக்கட்டு இருக்கிறது. வீட்டில் தேய்த்து ஸ்கூட்டரில் கொண்டுவரும்போது துணி கசங்கிவிடுகிறது என்று ஒரு வாடிக்கையாளர் திட்டிவிட்டுப் போனார். என் காதில் விழுந்தது.

ஆகஸ்ட் 18, திங்கள்

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. அதுதான் பிரச்சினை.

ஆகஸ்ட் 20, புதன்

மாமாவிடம் சொன்னேன்.

மாரெட்பள்ளிப் பத்திரிகை அச்சாகி வந்திருந்தது. கட்டுப் பிரித்து மஞ்சள் தடவிக்கொண்டிருந்தோம். நாலு மூலையிலும் மஞ்சள், நான் இடது பக்கம், மாமா வலது பக்கம். தலை நிமிராமல் செய்கிற வேலை என்பதால் அப்போது சொல்ல முடிந்தது.

"மாமா, அது கரண்டுல போகல. இடம் பண்றேன்னு அன்னிக்கு நான் அழிச்சேன் இல்ல, அது தப்பான கட்டம்."

மாமாவின் மஞ்சள் விரல் காகிதத்தின் மேலேயே நின்றது.

என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் முதலில் கேட்டது, "அப்ப பாயி?"

நான் அடுத்த பத்திரிகையை எடுத்தேன்.

"அவன நான் பேசின பேச்சு..." என்றார். தடுப்பைப் பார்த்தார். குரலை இறக்கினார். "உங்கப்பனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லாத. ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கான், தாங்கமாட்டான். பாய்க்கும் நக்கோ. விடு. நாளாவட்டத்துல அதுவா சரியாய்டும்." மறுபடி மஞ்சளைத் தொட்டுக்கொண்டு, "நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு அவன்கிட்ட போறது?" என்றார்.

இத்தனை வருஷம் அடுத்தவர் வீட்டு வார்த்தைகளை எல்லாம் அழகாக அடித்துக் கொடுத்தவர். தனக்கு ஒரு வரி வரவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

அப்பாவிடமும் சொன்னேன். வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் துணியைப் பிழிந்து காயப் போட்டார். பிறகு, "உன்னக் கேக்காம நான்தான் ஒத்துக்கினு வந்தேன்" என்றார். உள்ளே போனார். சாப்பிடும்போது என் தட்டில் தன் மீனை வைத்தார். அதைச் சாப்பிடுவது ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

ஆகஸ்ட் 23, சனி

சலீம் பாயிடம் சொல்ல இரண்டு நாளாக இந்தியில் வாக்கியம் தயாரித்தேன். போனால் அது ஒன்றும் வரவில்லை. தமிழில்தான் வந்தது.

அவர் கால் மெஷினை விடவில்லை. நான் முடிக்கும் வரை தைத்துக்கொண்டே இருந்தார். முடித்ததும் நூலைப் பல்லால் அறுத்தார்.

"அன்னிக்கே தெரியுமா உனக்கு?"

"அன்னிக்கு சந்தேகம். மறுநாள் தெரியும்."

"கைக்கு சொல்லல?"

"ஷரம் பாய். வெக்கமா இருந்திச்சு."

"உனக்கு ஷரம் வந்தா என் இஸ்ஸத், என் மானம் போகணுமா?" சத்தமாகக் கேட்கவில்லை. மெதுவாகக் கேட்டார். "அன்னிக்கு என் மருமகன் இங்க உக்காந்திருந்தான், அவன் காதுல விழ போன்ல சொன்னான் உலகு, இஸ்திரிக்காரனால போச்சுன்னு. நான் இஸ்திரிக்காரனா? நான் டைலர்."

மன்னிச்சிடுங்க என்றேன். கேட்டதா என்று தெரியவில்லை. "ஜாவ். போ, வேலை இருக்கு" என்றார்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் மாமா இருந்தார். எல்லாம் கேட்டிருக்கும்.

ஆகஸ்ட் 25, திங்கள்

மாமா தடுப்புக்கு மேலே டீ கிளாஸ் வைத்தார். யாரும் எடுக்கவில்லை. டீயின் மேல் ஆடை படிந்தது.

ஆகஸ்ட் 28, வியாழன்

ரோடெல்லாம் பிள்ளையார் பந்தல். இணையக் குழுவில் என் பழைய கேள்விக்குக் கீழே எழுதினேன்: மின்தடை என்று சொன்னது பொய். நான் அழித்தேன். இப்படி மீட்டேன். யாராவது இதே கறுப்புத் திரையில் நின்றால் உதவும். ஒருவர் நன்றி போட்டார். அவர் கம்ப்யூட்டரும் 'தானாக' நின்றதாம்.

செப்டம்பர் 2, செவ்வாய்

டீ கிளாஸ் காலியாக இருந்தது என்று மாமா போன் செய்து சொன்னார். அதற்காகவே போன் செய்தார். பேசவில்லையாம், குடித்திருக்கிறாராம். பெட்டி மட்டும் இன்னும் வீட்டில்தான்.

செப்டம்பர் 6, சனி

என் நீலச் சுடிதார் நாற்காலியில் தொங்குகிறது. கை மடிப்பு கத்தி மாதிரி நிற்கிறது. திங்கட்கிழமை அமீர்பேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் இன்டர்வ்யூ. தெரியாததைக் கேட்டால் தெரியாது, கற்றுக்கொள்வேன் என்று சொல்லப் போகிறேன். சாஹித்யா முன்னால் பத்து தடவை சொல்லிப் பார்த்தேன். முதல் தடவை தலையைத்தான் ஆட்டினேன்.

இன்று மத்தியானம் மாமா கடையில் டியூப் லைட் ஒரு தடவை சிமிட்டியது. மாமா பழக்கத்தில் "கைக்கு பா..." என்று ஆரம்பித்து வாயை மூடிக்கொண்டார். கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது: "உன் கம்ப்யூட்டர் இருக்கா, போச்சா?" மாமா எழுந்து, தடுப்பைப் பிடித்துக்கொண்டு, "இருக்குது பாய், இருக்குது" என்றார்.

பாய் என் பெயரை வைத்துச் செய்கிற கிண்டலை இன்னும் செய்யவில்லை. செய்யாமலும் போகலாம். அது அவர் இஷ்டம்.

நேற்று நடந்ததை எழுதிவிட்டு முடிக்கிறேன். பாய் கடை வாசலில் செருப்பை விட்டு, சுடிதாரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். இது கேட்கக்கூடியதா, இதைக் கேட்க எனக்கு என்ன முகம் இருக்கிறது என்று வழியெல்லாம் யோசித்து, இரண்டு தடவை பஸ் ஸ்டாப் வரை திரும்பிப் போய் வந்திருந்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் தரையைப் பார்க்கவில்லை.

"பாய், திங்கக்கிழமை எனக்கு இன்டர்வ்யூ. வூட்ல தேய்ச்சுக் கொண்டாந்தா வழில கசங்கிடும். நாளைக்குப் பெட்டியக் கொண்டாந்து, இங்கயே, உங்க மேஜை மேலயே வெச்சு இதைத் தேய்ச்சுக் குடுப்பீங்களா?"